பிரசாதத்தில் ஏது சர்க்கரை?

காலை ஊசியும் இட்லியும் முடிந்து நர்ஸ் அடுத்த வார்டுக்குப் போனதும், தமயந்தி தலையணைக்கு அடியிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவை எடுத்தாள். கணவர் ஞானவேல் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். நான்கு கரண்டி போனது. சாயங்காலம் இன்னும் நான்கு.

பழனி அடிவாரத்தில் இருபது வருடமாகப் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற குடும்பம். வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் போட்டுப் பிசைகிறவர்களுக்கு அதில் இருப்பது தெரியாதா? தெரியும். ஆனால் சாமி படத்தின் முன் வைத்து எடுத்துவிட்டால் அது பிரசாதம். காபிக்குச் சர்க்கரையே வேண்டாம் என்ற மனுஷன், இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கில் மட்டும் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது!

ஞானவேலுக்குக் கால் விரலில் புண். சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன். தள்ளிப்போனால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் தாரணி சொல்லியிருந்தார். ஆனால் மத்தியானம் பார்த்தால் தினமும் முந்நூறுக்கு மேல்.

"வெளிச் சாப்பாடு எதுவும் குடுக்கலையே?" என்று கேட்டார் டாக்டர்.

"சத்தியமா இல்லைங்க டாக்டரம்மா."

டாக்டர் நாளுக்கு நாள் இன்சுலினை ஏற்றினார். செண்பகனூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் நர்ஸ் அமலி மூன்றாம் நாளே டப்பாவைப் பார்த்துவிட்டாள். சர்ச்சுக்குப் போகிறவள் பிரசாதத்தைக் குறை சொன்னால் சண்டையாகிவிடுமோ என்று பயந்து, பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் கார்த்திகை. டப்பா முந்தின சாயங்காலமே காலி. கடையில் கூட்டம் நெரித்ததால் மகள் புவனாவால் புது டப்பா கொண்டுவர முடியவில்லை. ஏற்றி வைத்த ஊசி மட்டும் வழக்கம்போல் ஏறியது.

பதினோரு மணிக்கு ஞானவேலின் சட்டை தொப்பலாக நனைந்தது. கை நடுங்கியது, பேச்சுக் குழறியது.

"ஐயோ, இன்னைக்குப் பிரசாதம் தவறிப்போச்சே! முருகா, குத்தத்தப் பொறுத்துக்கப்பா!" என்று தமயந்தி விபூதியை அள்ளி அவர் நெற்றியில் பூசினாள். யாரையும் கூப்பிடவில்லை.

பக்கத்துக் கட்டில் செல்லப்பாண்டிதான் கத்தினார். "ஏத்தா, சாமியப் பொறவு கும்பிடு! நர்ஸம்மாவ வெரசாக் கூப்பிடு, மனுசன் கண்ணு சொருகிக் கெடக்காரு!"

அமலி ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை வெறும் முப்பத்தெட்டு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, கால் மணி நேரம் கழித்துத்தான் அவர் கண் திறந்தது. "கடையில யாரு இருக்கா?" என்றார்.

அதைக் கேட்டதும் தமயந்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

விஷயம் தெரிந்து வந்திருந்த டாக்டர் ஊசிக் கணக்கு எழுதிய சீட்டைப் புரட்டினார். "இத்தனை நாளா நான் பஞ்சாமிர்தத்துக்குத்தான் ஊசி போட்டிருக்கேன். இன்னைக்கு அது இல்ல. ஊசி ஆளையே சாய்ச்சிருச்சு."

"நான் டப்பாவப் பார்த்தேன் டாக்டர்," என்றாள் அமலி. அவள் முகம் சிவந்துபோயிருந்தது. "பார்த்தும் சொல்லல. தப்பு என் மேலயும்தான். அக்கா, வாய்க்குள்ள போறது எதுவானாலும் மறைக்காமச் சொல்லணும். மறைச்சா நாங்க போடுற மருந்தே உசிர எடுத்துரும். கண்ணால பார்த்தத நாங்களும் கேக்காம விடக்கூடாது."

தமயந்தி தலை நிமிரவில்லை. "சாமிக்குப் பயந்தேன், டாக்டரம்மா திட்டுவாங்கன்னு பயந்தேன். இந்த மனுசன் உசிருக்குத்தான் பயப்படாமப் போயிட்டேன்."