மூலை வெட்டிய தாள்கள்

ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டே அட்டையைப் பார்த்தேன். தழும்பு இடம் மாறியிருந்தது.

கரியில் போட்ட கோடு விரல் பட்டாலே கலைந்துவிடும். அப்படியே தபாலில் சேர்த்தால் போய்ச் சேரும்போது முகம் இருக்காது, புகைதான் இருக்கும். அதனால் தலைமுடி கலையாமல் இருக்க அடிக்கிற ஸ்ப்ரேயை மேலே லேசாக அடித்துக் காயவைக்க வேண்டும். அடிப்பது என் வேலை, வாங்கி வருவதும் என் வேலை. கடைக்காரன் டப்பாவை நீட்டும்போதெல்லாம் என் வழுக்கையை ஒரு பார்வை பார்ப்பான். வீட்டுக்குத்தான் என்பேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பான்.

என் மனைவியும் அவளுடைய மூன்று சிநேகிதிகளும் ஓர் எம்பிராய்டரி பட்டறையில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பூ வேலை செய்தவர்கள். பட்டறையை மூடியதும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். ஒருத்தி தழும்புக்காரி, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இடது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி இருக்கும். இன்னொருத்தி பல்லழகி, பற்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு நிற்பதால் வைத்த பெயர். மூன்றாமவள் வாயாடி, அவளுக்கு விளக்கம் தேவையில்லை. கரியில் இவர்களில் ஒருத்தியின் முகத்தை அட்டையில் வரைந்து இன்னொருத்திக்கு அனுப்புவது என் மனைவியின் வழக்கம். "அவ மூஞ்சிய அவ கண்ணாடியில பாத்துக்குவா. மத்தவ மூஞ்சிய எங்க போய்ப் பாப்பா?" என்பாள்.

இந்த முறை தழும்புக்காரியின் முகம் வாயாடிக்குப் போக வேண்டும். அந்த முகத்தில்தான் தழும்பு வலது புருவத்துக்கு மேலே இருந்தது. தழும்பு மட்டுமில்லை, வகிடும் மாறியிருந்தது, மூக்குத்தியும் மாறியிருந்தது. முகமே மொத்தமாகத் திரும்பியிருந்தது.

எப்படி நடந்தது என்று புரிய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பட்டறையில் பூவைத் தாளில் வரைந்து கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கி நெருக்கிக் குத்துவார்கள். அந்த ஊசித்தாளைத் துணியின் மேல் விரித்து, கரித்தூள் கட்டிய சின்னத் துணிமூட்டையால் ஒற்றினால் துளை வழியே தூள் இறங்கிக் கீழே புள்ளி புள்ளியாகப் பூ விழும். கண்ணில் அழுத்தம் கூடிவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்ன வாரமே என் மனைவி மூன்று முகங்களையும் பெரிய பெரிய தாள்களில் வரைந்து ஊசி குத்த உட்கார்ந்துவிட்டாள். "இருட்டுறதுக்குள்ள கதவச் சாத்தி வெக்கிற மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டாள். சிரித்தபடி ஒரு முகம், குனிந்து ஊசி கோக்கிற மாதிரி ஒரு முகம் என்று ஆளுக்குச் சில தாள்கள். கண் மங்கினாலும் தாளை அட்டையில் ஒற்றிப் புள்ளிகளைச் சேர்த்தால் முகம் வந்துவிடும்.

தாளைப் புரட்டிப் போட்டு ஒற்றினால் முகம் திரும்பித்தான் விழும். கண் தெரிகிறவள் அதைச் செய்ய மாட்டாள், பென்சில் கோடு இருக்கிற பக்கம் மேலே என்று பார்த்ததும் தெரிந்துவிடும். கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஊசி வெளியேறும் பக்கம் சொரசொரவென்று இருக்கும். ஆனால் என் மனைவி பட்டறையிலேயே நம்பர் ஒன் வேலைக்காரி. குத்தி முடித்ததும் தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து முன்பக்கம் மாதிரியே மழுமழுவென்று ஆக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அரைகுறை வேலைக்காரியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

ஆக, அவளுக்கு இப்போது எதுவுமே தெரியவில்லை. மங்கலாகத் தெரிகிறது, ஓரத்தில் தெரிகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பொய். அண்மையில் தாளோடு சேர்த்து அட்டையிலும் லேசாக ஊசி இறக்கத் தொடங்கியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு அட்டை வழுக்குகிறது என்றாள். அந்தப் பள்ளங்களை இடது விரலால் தடவிக்கொண்டே வலது கையால் கரிக்குச்சியை இழுக்கிறாள் என்று நான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"எப்படிங்க வந்திருக்கு?" என்றாள்.

"அச்சு அசல் அவளேதான்" என்றேன்.

 வேறு என்ன சொல்ல முடியும்? எங்கள் மகள் முன்பே சொல்லிவிட்டாள், அம்மாவுக்குச் சுத்தமாகக் கண் தெரியாமல் போனால் ஒரு நாள்கூட இங்கே தனியாக விடமாட்டேன், கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று. நியாயம்தான். நான் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவன். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். அதுவரை அடுப்பும் படிக்கட்டும் அவளுமாகத்தான் இருக்கிறார்கள். மகள் வீட்டிலோ சம்பந்தி இருவரும் கூடவே இருக்கிறார்கள், அம்மாவுக்கே பேத்தியின் கட்டிலில் பாதிதான் கிடைக்கும். எனக்கு நிற்கவும் இடமில்லை. வெளியே சொல்லாத வரைக்கும் நாங்கள் இரண்டு பேர். சொன்ன அன்றைக்கு ஆளுக்கொரு பக்கம்.

அட்டையைக் கிழித்துவிட்டு அனுப்பியாயிற்று என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்து, தபால் பெட்டியின் வாயைத் தடவிப் பார்த்துத் தானே போட்டாள்.

அந்த வாரமே வாயாடி எனக்குப் போன் செய்தாள். லிஃப்டில் கூட்டம். எல்லாரையும் இறக்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினேன்.

"அண்ணே, அட்டை வந்துச்சு" என்றாள். பிறகு ஒன்றும் பேசவில்லை. அவளைத் தெரிந்த நாளிலிருந்து அவள் பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை.

"சொல்லும்மா" என்றேன்.

"அத்தன வருசம் எனக்கு எதிர்லதான் அவ உக்காந்திருந்தா. அந்தத் தழும்பு எந்தப் பக்கம்னு தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவேன். தாளைப் புரட்டிப் போட்டுட்டா. கண்ணு முழுசா போயிடுச்சாண்ணே?"

கட்டடம் முழுக்க மணி அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "உனக்குத்தான் தெரிஞ்சிருச்சே" என்றேன்.

"அவளுக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியும்னு?"

"தெரியாது."

"நல்லாத்தான் குடும்பம் நடத்துறீங்க ரெண்டு பேரும்" என்றாள். அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. "நானா போய் உங்க பொண்ணுகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா அவ என்னக் கேட்டா, அண்ணே, எனக்கு மறைக்க வராது. என் வாயப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

அன்று வீட்டுக்குப் போனதும், என் மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, ஊசித்தாள்களை எல்லாம் எடுத்து முன்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் வலப்பக்க மேல் மூலையைக் கத்தரியால் சாய்வாக வெட்டினேன்.  இத்தனை நாள் வாயால் சொல்லாமல் இருந்ததைக் கத்தரிக்கோலால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் தாளை எடுத்தாள். விரல் ஓரமாகப் போய் மூலைக்கு வந்ததும் நின்றது. அடுத்த தாளை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்துத் தடவினாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"மூலைய யாரு வெட்டினது?"

"எலியா இருக்கும்."

 "எலி நல்லா படிச்ச எலியா இருக்கு. எல்லாத்தையும் ஒரே பக்கமா கடிச்சு வெச்சிருக்கு" என்றாள். பிறகு அந்தத் தாளை அட்டையின் மேல் வைத்து, வெட்டிய மூலை எந்தப் பக்கம் என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று சாப்பிடும்போது மட்டும் என் தட்டு எங்கே என்று கேட்டுவிட்டுப் பரிமாறினாள். அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்து நின்றாள். வெள்ளைச் சட்டையும், தோளில் பெரிய காலிப் பையுமாக வந்திருந்தாள். பையைப் பார்த்ததுமே, வாயாடியிடம் கேட்டிருப்பாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வாடி, உக்காரு. இந்தப் பல்ல முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள் என் மனைவி, தலையைத் தூக்காமல். பல்லழகியின் முகம் பாதி முடிந்திருந்தது. சரியான பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மகள் எதிரே உட்கார்ந்தாள். ஓர் ஊசித்தாளை எடுத்துப் பார்த்தாள். "ஏன் எல்லாத்துலயும் மூலை வெட்டியிருக்கு?"

"எலி" என்றோம் நாங்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்களை என்னால் பார்க்க முடியவில்லை. ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், ஏதாவது வேலை இருப்பதுபோல. கரிக்குச்சி தேய்ந்துபோய் என் மனைவி வேறொன்று எடுக்கப் பெட்டிப் பக்கம் கையை நீட்டினாள். அந்த இடைவெளியில் மகள் அட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.  நான் ஓர் இருமல் இருமியிருந்தால் போதும், என் மனைவி புரிந்துகொண்டிருப்பாள். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருமவில்லை.

என் மனைவி புதுக் குச்சியோடு திரும்பினாள். இடது விரல் அட்டை இருந்த இடத்துக்குப் போயிற்று. அங்கே வெறும் மேசை. விரல் ஒரு சாண் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, பிறகு நின்றது. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. கண்களை மகள் இருந்த பக்கமாக, கொஞ்சம் விலகி, வைத்துக்கொண்டு, மேசைமேல் கோடு போட ஆரம்பித்தாள்.

தொட்டுக்கொள்ளப் பள்ளமோ புள்ளியோ எதுவும் இல்லை. நெற்றி வந்தது, அகலமாக. புருவம் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் வந்தது. மூக்கு கன்னத்துக்குப் போய்விட்டது. தாடையைச் சுற்றி வந்த கோடு தொடங்கிய இடத்தைத் தவறவிட்டு மேசை விளிம்பு வரை ஓடியது. கீழே, உதட்டுக்குப் பக்கத்தில், குச்சியை அழுத்தி ஒரு மச்சம் வைத்தாள். பல்லழகிக்கு மச்சம் கிடையாது. என் மகளுக்கு உண்டு.

மகள் அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஸ்ப்ரே அடிக்காத கரி அவள் வெள்ளைச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சது" என்று என் மனைவி கையை எடுத்தாள். "என்னங்க, நின்னுட்டே இருக்கீங்க? அடிங்க. அழிஞ்சிடப் போவுது."

நான் டப்பாவைக் குலுக்கினேன். மேசைமேல் குனிந்தேன்.