ஈரக் கையுறை

அக்கா மறுபடியும் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தாள். நாற்றம் போகவில்லை. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தம்பி கிடந்தான். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவனைப் பார்த்தார்கள். அவனிடமிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறார்களே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தம்பி வேலை பார்த்த படகின் முதலாளி ஒரு பாக்கெட் ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்திப் பெட்டி மேல் வைத்தார். வைத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையை ஓதினார்.

"நல்ல கைடுங்க. ஆனா சொன்னா கேக்கமாட்டான். கடலுக்கு அடியில கண்டதையும் தொடுவான். விஷமீன் குத்திடுச்சு. என்ன பண்றது?"

தொட்டானாம்! தம்பி சுற்றுலாக்காரர்களை முக்குளிக்கக் கூட்டிப்போகும் கடல் பூங்காவில் யாரும் கையுறை போடக்கூடாது என்பது சட்டம். போட்டால் கீறல் பயம் போய்விடும், பவளத்தைப் பிடித்துத் தொங்கி ஒடித்துவிடுவார்கள். "வெறுங்கையா இருந்தாத்தான்க்கா கை சும்மா இருக்கும்" என்பான் தம்பி. சோறு போட்டால்கூட அதே பேச்சு. அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும் அவன் கை பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அப்போது அவன் சொன்னது வேறு கதை. "அன்னிக்கு முக்குளிக்க வந்தவன் பெரிய எடத்து ஆளுன்னு முதலாளியே கையுறை குடுத்துட்டார்க்கா. தண்ணிக்குள்ள வந்தப்புறம்தான் மாட்டுனான். பவளத்தக் கொத்தாப் புடிச்சான். அவன் கையுறையக் கழட்டிட்டேன். அவன் திமிறுனதுல என் கைய கீழ ஊனிட்டேன். கல்லுன்னு நெனச்சேன். மீனு."

முதலாளி அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அவன் பை இங்கதானம்மா இருக்கு? கம்பெனிப் பொருள். எடுத்துக்கறேன்."

படகுக்காரர்கள் கொண்டுவந்து போட்ட பை, பக்கத்து அறையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஜிப்பைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே ஈரம் காயாத ஒரு ஜோடிக் கையுறை. உள்ளங்கைகளில் ஒடிந்த பவளத் துண்டுகள் ஒட்டி, அழுகி, கொழகொழவென்று வழிந்தன. மணிக்கட்டில் முதலாளியின் படகுப் பெயர் பளிச்சென்று அச்சிட்டிருந்தது.

நாற்றம் இதிலிருந்துதான். தம்பி நாறவில்லை.

"கொடும்மா" என்றார் முதலாளி, அறை வாசற்படியை மறித்து நின்று. "செத்தவன் பேரை எதுக்கு இழுக்கணும்?"

"நீங்கதான காலையிலேருந்து இழுத்துட்டிருக்கீங்க? தள்ளுங்க."

கையுறையை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். துணி காயும் கொடியில், படகின் பெயர் தெருவைப் பார்க்க, இரண்டுக்கும் கிளிப் மாட்டினாள். அழுக்குத் தண்ணீர் சொட்டியது.

மாலையோடு உள்ளே வந்துகொண்டிருந்த கடல் பூங்கா அதிகாரி கொடியடியில் நின்றுவிட்டார்.

அக்கா கூடத்துக்குத் திரும்பினாள். பெட்டி மேலிருந்த ஊதுபத்திகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.