வெளியே போன பந்து

சூலூர் பக்கம் தன் தென்னந்தோப்பின் ஓரத்தில் சுரேந்தர் பேடல் என்ற புது ஆட்டத்துக்கு மைதானம் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சுற்றிலும் கண்ணாடியும் கம்பிவலையும், நடுவே டென்னிஸுக்குக் கட்டுவதுபோல ஒரு வலை. முதல் போட்டிக்கு நடுவராக ராமாமணியைக் கூப்பிட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர் அவர்.

"டென்னிஸ் மாதிரியேதானுங்க மிஸ். பந்து கண்ணாடில பட்டாலும் ஆடலாம், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. தரையில் பட்டுவிட்டுக் கண்ணாடிக்குப் போனால் சரி, நேராகப் போய்ப் பட்டால் தப்பு. முதல் அரைமணி நேரம் ராமாமணி வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது கைதட்டினால்தான் புள்ளி யாருக்கு என்றே புரிந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் அவருடைய பழைய மாணவி அக்ஷயா. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவள் ஜோடிக்கு வெற்றி. எதிரே நின்ற ஃபர்சானா ஓங்கி அடித்த பந்து தரையில் குத்தி, கண்ணாடியில் மோதி, பக்கவாட்டுக் கம்பிவலையையும் தாண்டி வெளியே போனது. ஃபர்சானா தன் ஜோடியைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் அக்ஷயா பக்கத்து வாசல் வழியாக வெளியே பாய்ந்து, தென்னைமரத்தடியில் நின்று பந்தைத் தூக்கி அடித்தாள். அது கம்பிவலைக்கு மேலாக உள்ளே வந்து, கட்டிப்பிடித்து நின்றவர்களின் காலடியில் விழுந்தது.

எல்லோரும் ராமாமணியைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க மிஸ், வெளிய போன பந்து செத்த பந்துதானுங்களே?" என்றாள் ஃபர்சானா.

"வெளிய போயும் அடிக்கலாமுங்க!" என்றாள் அக்ஷயா.

சுரேந்தர் போனைத் தடவினார். ஒரு வீடியோவில் வெளியே ஓடிப்போய் அடிக்கிறார்கள். இன்னொன்றில், வெளியே தடங்கல் இல்லாத இடம் விட்டிருந்தால்தான் செல்லும் என்கிறார்கள். தென்னைமரம் தடங்கலா? யாருக்கும் தெரியவில்லை.

"அந்தப் புள்ளியை மறுபடி ஆடுங்க," என்றார் ராமாமணி. சொல்லும்போதே தப்போ என்று தோன்றியது.

அதற்குப் பிறகு அக்ஷயாவுக்கு ஒன்றும் கூடி வரவில்லை. தோற்றுப்போனாள்.

ராமாமணி தண்ணீர் பாட்டிலோடு அவளிடம் போனார். "கண்ணு, உன்ர வெற்றியைக் கெடுத்துப்போட்டனோ என்னவோ. எனக்கு நெசமா தெரியல."

அக்ஷயா ஒரு மடக்குக் குடித்தாள். "எனக்கும் தெரியாதுங்க மிஸ். பந்து போச்சு, நானும் ஓடிட்டேன். அடிச்சதுக்கப்புறம் அடிக்கலாம்னு சொல்லாம வேற என்ன சொல்றதுங்க?"

ராமாமணிக்குக் கோபம் வரவேண்டுமா, சிரிப்பு வரவேண்டுமா என்று பிடிபடவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு இறங்கிய நாலு பேரையும் நிறுத்தினார். "வெளிய ஓடலாமா, கூடாதா? இப்பவே பேசி முடிச்சிருங்க."

இரண்டு பேர் ஓடலாம் என்றார்கள். ஒருத்தர் கூடவே கூடாது என்றார்.

நாலாவது ஆள் தலையைச் சொறிந்தபடி கேட்டார்: "சுத்தியும் வலை இருக்கறப்போ பந்து எதுக்குங்க வெளிய போகுது?"