அறுபது முன்னால்

மாஸ்டரை வேலையிலிருந்து அனுப்பிவிடலாம் என்று நேற்று சாயந்திரம் எழுதிக் கொடுத்தது நான்தான். காலையில் பல் தேய்க்கும்போதுகூட அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

பாட்டுக்குத் தட்டி விளையாடும் மொபைல் விளையாட்டுகளை வடிவமைப்பது என் வேலை. பாட்டு ஓடும், மேலிருந்து புள்ளிகள் இறங்கும், புள்ளி கோட்டைத் தொடும்போது தட்ட வேண்டும். எந்தப் புள்ளி எப்போது கோட்டுக்கு வரவேண்டும் என்று ஆறு வருடமாக முடிவு செய்தவள் நான். பாட்டை ஓடவிட்டு விரலால் தட்டிக்கொண்டே போவேன். தட்டிய இடத்தில் புள்ளி விழும். மற்றவர்கள் ஒரு வாரம் உருட்டுவதை ஒரே மதியத்தில் முடித்துவிடுவேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால்தான் சீனியர் டிசைனர் ஆனேன் என்று நான் சொல்வேன்.

மாஸ்டர் வந்து மூன்று மாதம். நாற்பத்தைந்து வயது, முன்பு கீபோர்டு சொல்லிக்கொடுத்தவர், அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்குப் படிக்கிற மகள்கள் இரண்டு பேர். ஒரு பாட்டுக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொள்வார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் போட்ட பாட்டெல்லாம் இழுக்கிறது என்று விளையாடுகிறவர்கள் திட்டினார்கள். நானும் தட்டிப் பார்த்தேன், இழுத்தது. ‘தாளம் நிற்கவில்லை, நிரந்தரம் செய்ய வேண்டாம்’ என்று எழுதினேன். இன்று பதினொரு மணிக்கு அதற்கான கூட்டம், மாஸ்டரையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

என் பழைய போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனதால் கையில் புதுப் போன். எங்கள் விளையாட்டை ஏற்றியதும் முதலில் ஒரு சோதனை வரும். டிக் டிக் சத்தத்தோடு பதினாறு தடவை தட்டினால், கை எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று சொல்லும். அதில் ‘வேண்டாம்’ என்ற பட்டனை வைத்ததே நான்தான். நான் ஒரு நாளும் அந்தச் சோதனையைச் செய்ததில்லை. போன மாதம் எவரோ அந்தப் பட்டனை எடுத்துத் தொலைத்திருந்தார்கள். எரிச்சலோடு தட்டினேன்.

‘நீங்கள் அறுபது மில்லிசெகண்ட் முன்னால் தட்டுகிறீர்கள்.’

ஒரு நொடியைப் பதினாறாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. போன் சரியில்லை என்று மறுபடி தட்டினேன். ஐம்பத்தெட்டு. மறுபடி. அறுபத்தொன்று. வீட்டுக்காரர் போனைப் பிடுங்கித் தட்டினேன். அறுபது.

“இந்தாங்க, நீங்க தட்டுங்க.”

“குளிச்சிட்டு வந்துடறேனே.”

“இப்பவே.”

பாட்டென்றாலே கொட்டாவி விடுகிற மனுஷன். அவருக்கு வந்தது மூன்று.

“மூணுன்னா பாஸா, பெயிலா?”

“பேசாம போய்க் குளிங்க.”

சாப்பிடாமல் கிளம்பி ஒன்பது மணிக்கே ஆபீஸில் இருந்தேன். நான் போட்ட முதல் பாட்டைத் திறந்து பெரிதாக்கினேன். சத்தம் மேடாக எழும் இடம் திரையில் தெரியும். ஒவ்வொரு மேட்டுக்கும் சற்று முன்னாலேயே என் புள்ளி போய் நின்றுகொண்டிருந்தது. முப்பத்தெட்டுப் பாட்டிலும் அப்படியே. மாஸ்டருடையதைத் திறந்தேன். மேடும் புள்ளியும் ஒன்றாக இருந்தன. ஆறு வருடத்தில் எத்தனையோ பேருடைய விரல்களை என் அவசரத்துக்குப் பழக்கிவிட்டு, சரியாகப் போட்டவரை இழுக்கிறார் என்று எழுதியிருக்கிறேன். வந்த இரண்டாம் வாரமே அவர், “மேடம், பழைய பாட்டுல ஒரு சின்ன விஷயம்...” என்று ஆரம்பித்தார். “பழசை விடுங்க, உங்களுதைப் பாருங்க” என்று வாயை அடைத்தேன்.

உட்கார முடியவில்லை. தண்ணீர் மெஷினுக்கும் நாற்காலிக்கும் நடையாய் நடந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்தது, அதை மறைப்பானேன். அந்த நினைப்போடு பத்து நிமிடம் நடந்தேன். அப்போது மாஸ்டர் வந்தார். சாப்பாட்டுப் பையோடு இன்னொரு வெறும் துணிப்பையும் இருந்தது. மேஜையில் இருந்த தன் பேனாக்களையும் டம்ளரையும் அதில் ஒவ்வொன்றாகப் போட்டார்.

“என்ன மாஸ்டர் இது?”

“அப்புறம் அவசரத்துல எதையாவது விட்டுட்டுப் போயிடுவேன் மேடம்.”

அவமானம் பிடுங்கித் தின்றது. கூட்டத்தில் முதலாளி நாற்காலியை இழுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

“சார், தப்பு என்னோடது. மாஸ்டர் போட்டதுதான் சரி. நான் போட்ட முப்பத்தெட்டும் முந்திக்கிட்டுப் போகுது.”

மேடும் புள்ளியும் தெரியும் படங்களைக் காட்டினேன். முதலாளி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஆக, ஊருக்கே தப்பாத் தட்டக் கத்துக்கொடுத்திருக்கோம்.”

“திருத்திடலாம் சார். ஒரு நாள் வேலை.”

“எதுக்கு? விளையாடுறவங்க கையெல்லாம் இப்ப உங்க கைதான். திருத்தினா அத்தனை பேரும் நாளைக்குத் தோத்துட்டு நம்மளைத் திட்டுவாங்க. நல்லா ஓடுறதை நானே கெடுத்துக்கவா?” மாஸ்டர் பக்கம் திரும்பினார். “நீங்க போட்டு முடிச்சப்புறம் எல்லாத்தையும் அறுபது முன்னால தள்ளிடணும். முடியும்னா இன்னிக்கே நிரந்தரம். என்ன சொல்றீங்க?”

அவருக்கும் சேர்த்து நானே பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். மாஸ்டர் மேஜையைப் பார்த்தபடி இருந்தார். யாருக்காகவும் நான் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

“முடியும் சார்” என்றார்.

வெளியே வந்ததும், “மன்னிச்சிடுங்க மாஸ்டர்” என்றேன்.

“ஐயோ, வேலை இருக்கே மேடம். அது போதும்.” மனதாரத்தான் சொன்னார்.

தன் இடத்தில் உட்கார்ந்து, ஒன்பது நாள் உழைத்து நேற்றுதான் முடித்த பாட்டைத் திறந்தார். புள்ளிகளை மொத்தமாகப் பிடித்து அறுபது முன்னால் தள்ளினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டார். நாலு தட்டுக்கூடத் தாங்கவில்லை. முகத்தைச் சுளித்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“கேட்டுக்கிட்டே செய்ய முடியலை மேடம். நம்பரைப் பார்த்தே செஞ்சிடறேன், ஒண்ணும் பிசகாது.”

எனக்கு அழுகை வந்தது. அவர் அடுத்த பாட்டைத் திறந்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.