ஓய்வில்லாத நாலு ஜீவன்கள்

சங்கிலி ஜெபம் தொடங்கிய மறுநாள் மத்தியானம் ஞானப்பூ கண்ணைத் திறந்தாள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "எல்லாரும் காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டாள். பாட்டு நடுவில் அறுந்துபோயிற்று. அதெல்லாம் ஆச்சு, நீங்க படுங்க அக்கா என்றார்கள். அவள் நம்பவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் புருஷன் மாசிலாமணி ஓடிவந்து தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். தோள் என்று சொல்லப் பேர்தான், பிடித்தால் எலும்பு. "பால் இருக்கான்னு பாருங்க" என்று அவர் காதோடு சொன்னாள், வந்தவர்களுக்குக் கேட்காதபடி. சாகக் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா இது! ஆனால் அவள் பேச்சு என்றைக்கும் அதுதான்.

பவானிபூர் சந்தில் அந்த மாடிவீட்டுக்கு அவர்கள் வந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம். அவர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அதிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்து ஜனம் யார் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தாலும், ரயில்வேயோ டெலிபோனோ, மெட்ராஸ் மெயிலை விட்டு ஹவுராவில் இறங்கி டிரங்குப் பெட்டியோடு நேரே இந்தப் படியேறித்தான் வருவார்கள். குவார்ட்டர்ஸ் கிடைக்கிறவரை இங்கேதான் சாப்பாடு, இங்கேதான் படுக்கை. வந்தவனுக்கு அம்மை போட்டால் அவள்தான் வேப்பிலை தேடி அலைந்தாள். வந்தவளுக்குப் பிரசவம் என்றால் அவள்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதனாலேயே ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் தலையில். எப்போதாவது சாயங்காலம் கரியடுப்பை ஊதிக்கொண்டே, "சத்திரத்துக்குக்கூட ஒரு நாள் லீவு உண்டு, எனக்கு இல்ல" என்பாள். மாசிலாமணி அதைக் கேட்டுச் சிரிப்பார். வேறென்ன செய்தார்? சிரித்தார், அவ்வளவுதான்.

அவருக்கு வேறு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தமிழ்ச் சபை கூடுவதற்கு ஒரு பழைய வங்காளிக் கிறிஸ்தவக் கோயிலை இரவல் வாங்கியிருந்தார்கள். பாதிரி ஐயர் மாசத்துக்கு ஒருதரம்தான் வருவார். மற்ற வாரமெல்லாம் பிரசங்கம் மாசிலாமணிதான். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் பரலோகத்துச் சிங்காசனத்தில் வந்துதான் நிற்பார். சின்னப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேரே சிங்காசனத் தாத்தா. பழைய படுக்கை விரிப்பு ஒன்றில், பைபிளின் கடைசிப் புஸ்தகத்தில் யோவான் எழுதிய அந்தத் தரிசனம் முழுவதையும் கலர்ச் சாயத்தில் வரைந்து வைத்திருந்தார். அதைச் சுவரில் மாட்டிக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்வார். சிங்காசனத்தில் இருக்கிறவருக்கு முகம் எழுதவில்லை, பார்த்தீர்களா? யோவானே எழுதவில்லை. ரெண்டு ரத்தினக் கல்லின் நிறத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டான். ஒன்று பரிசுத்தம், ஒன்று நியாயத்தீர்ப்பு. சுற்றி இருக்கிற பச்சை வானவில், அது இரக்கம். கண்ணாடிக் கடல் என்றால் அலை அடங்கிப்போன கடல், இனிமேல் யாரும் அதில் முங்கிச் சாகமாட்டார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கிற மூப்பர் இருபத்துநாலு பேரில் பாதி பழைய ஏற்பாடு, பாதி புதிது. நாலு ஜீவன்களும் உடம்பெல்லாம் கண்ணாக இருப்பது, தேவனுக்கு மறைவு ஒன்றுமில்லை என்பதற்கு அடையாளம். மாற்றலாகிப் போனவர்கள் பிலாயிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் எழுதுவார்கள், அண்ணாச்சி, உங்க சிங்காசனம் மாதிரி இங்கே கேக்க முடியல என்று. அவருக்கு அதில் பெருமைதான், இல்லையென்று சொல்ல முடியாது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஞானப்பூவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். வெட்டிப் பார்த்தார்கள், திரும்பத் தைத்தார்கள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். கூட்டிக்கொண்டு வந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சபையில் எழுந்து நின்று, சங்கிலி ஜெபம் வைக்கலாம் என்று சொன்னவர் அவரேதான். குடும்பத்துக்கு ஒரு மணி நேரம். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார வேண்டும். ராப்பகலாகக் கட்டிலைச் சுற்றிப் பாட்டும் ஜெபமும் அறுபடாமல் ஓடவேண்டும். அறுபடாமல் ஓடினால் சுகம் கிடைக்கும் என்று சின்ன வயதில் ஊரில் பார்த்த நம்பிக்கை. சபை ஒரு குரலாக ஆமென் என்றது. அவள் கைச்சோறு தின்னாதவர் ஒருவர் அங்கே உண்டா? கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சபை மூப்பர் தேவவரம் தலைமையில் கைக்குழந்தையோடு, பாட்டுப் புஸ்தகத்தோடு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வெறுங்கையோடும் வரவில்லை. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், பிரட்டு. ஐயோ, அந்த அன்பைக் குறை சொல்ல வாய் வராது.

அவள் காப்பியைப் பற்றிக் கேட்ட அன்றைக்கு நாலு மணிக்கு ஒரு குடும்பம் எழுந்துபோய், அடுத்த குடும்பம் பஸ் கிடைக்காமல் தாமதமாயிற்று. அறையில் அவரும் அவளும் மட்டும். கரண்டும் போயிருந்தது. மாசிலாமணி விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார்.

"ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு."

"அந்தச் சிங்காசனத்தச் சுத்தி நாலு சீவன் நிக்கில்லா. ராவும் பகலும் ஓய்வில்லாமப் பாடிக்கிட்டே இருக்கும்னு சொல்லுவியள்ளா."

"ஆமா."

"அப்போ அங்கயும் ஓய்வு கெடையாதா?"

அவருக்குச் சட்டென்று பிரசங்கம் வந்துவிட்டது. வாய் பழக்கம். "ஓய்வில்லாமன்னா சலிப்பில்லாமன்னு அர்த்தம், ஞானப்பூ. அதெல்லாம் அடையாளம். சிங்கம்னா பலம், காளைன்னா உழைப்பு, மனுஷ முகம் அறிவு, கழுகு வேகம். சிருஷ்டி முழுக்க..."

"காளைன்னா உழைப்பா?"

"ஆமா."

"அதையும் அங்க நிக்க வச்சிருக்காவளே, பாவம்" என்றாள் அவள்.

விசிறி நின்றது. அவள் மேலே கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்த பேச்சு என்பது அந்த நிதானத்திலேயே தெரிந்தது. "மூப்பருக்கெல்லாம் நாற்காலி போட்டிருக்கு. அதுல பொம்பள யாராவது உண்டான்னு நான் ஒரு நாளும் கேக்கல. அந்த மூப்பரும்தான் என்ன, உக்காரவா செய்தாவ? பாட்டுக் கேக்கும்போதெல்லாம் எந்திச்சு எந்திச்சு விழுதாவ, கிரீடத்தக் கழட்டிக் கழட்டிப் போடுதாவ. அம்புட்டுச் சனம் கூடுன எடத்துல என்னையச் சும்மா இருக்க விடுவாவளா? யாராவது ஒருத்தர் ஞானப்பூன்னு கூப்பிடத்தான் செய்வாவ. எனக்கு ஏலாதுங்க. எனக்கு அங்க போவ மனசில்ல."

"அப்படிச் சொல்லாத" என்றார். சாவுக்குப் பயப்படுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். நரகத்துக்குப் பயந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லியிருக்கிறார். மோட்சத்துக்குப் பயப்படுகிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறார், அதுவும் தன் வீட்டிலேயே. அந்தப் பயத்தை ஞாயிறு தவறாமல் குச்சியால் தொட்டுத் தொட்டு உள்ளே இறக்கியவர் அவர்தான். இவள் இந்த மனசோடு போய்விட்டால் என்ன செய்வது?

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஞானப்பூ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். தேவவரமும் அவர் கூட்டமும் உள்ளே நுழைந்தபோது, "வாங்க, வாங்க, வெயில்ல வந்தியளா" என்று சிரித்தாள். இந்தச் சிரிப்பை மாசிலாமணி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அதற்கு எவ்வளவு பலம் செலவாகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

அவர் வெளியே வந்தார். மாடிப்படித் திருப்பத்தில் கீழ்வீட்டு வசுமதி கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். அவள் புருஷன் அக்கவுண்ட்ஸ் ஆபீசில் வேலை. காளிகாட்டுக் கோயிலுக்கு வெள்ளிதோறும் போகிறவள், ஞானப்பூவுக்காக அங்கேயும் வேண்டிக்கொண்டு வந்தவள். ஜெபம் நடக்கும்போது உள்ளே வருவது மரியாதையில்லை என்று படியிலேயே நிற்பாள்.

"உள்ளே வாம்மா" என்றார்.

"பரவாயில்ல அண்ணா. முதல்ல கொண்டுவந்தது ஆறிப்போச்சு, இது ரெண்டாவது தடவை சூடு பண்ணினது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கோவிச்சுக்காதீங்க. அக்கா நேத்திலேருந்து கண்ண மூடியிருக்காங்களே தவிர தூங்கல. யாராவது உக்காந்திருக்கப்போ அவங்க தூங்கினதே கிடையாதே, உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

அவருக்கு எங்கே தெரிந்தது! உள்ளே திரும்பி வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். தேவவரத்துக்கு நல்ல வெண்கலத் தொண்டை. அவர் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஞானப்பூவின் இமை கீழே இறங்கியது. அடுத்த அடியை உரக்க எடுத்ததும் திடுக்கென்று விரிந்தது. வந்தவர்கள் முன்னால் தூங்கிவிட்டோமே என்ற வெட்கத்தோடு அவளும் உதட்டை அசைத்துக் கூடப் பாடினாள். சத்தமில்லை, உதடு மட்டும். மறுபடி இமை இறங்கியது. மறுபடி பாட்டு. கட்டிலைச் சுற்றி நாலு பக்கமும் ஆள், எல்லார் கண்ணும் அவள்மேல், ராவும் பகலும் ஓயாமல் துதி. அட பாவி, இதை நீயல்லவா கூட்டிவைத்தாய் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது மாசிலாமணிக்கு.

"நிறுத்தும் வேய்" என்றார்.

தேவவரம் பாடிக்கொண்டே கையை உயர்த்தி, இந்த அடி முடியட்டும் என்று சாடை காட்டினார்.

"நிறுத்தும்னு சொல்லுதேன்லா!"

பாட்டு நின்றது. தேவவரம் அவரைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தார். "என்ன அண்ணாச்சி, சங்கிலி அறுந்துபோவும்லா. நீங்களே சொல்லித்தான தொடங்குனது? நாளைக்கு அக்காவுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இவரு நடுவுல நிறுத்துனாரு அதுனாலதான்னு சபையில பேச்சு வராதா?"

"வரட்டும்."

"விசுவாசம் போயிட்டா ஒமக்கு?"

மாசிலாமணி பதில் சொல்லுமுன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவ பொழைக்கமாட்டா, தேவவரம்" என்றார். இத்தனை நாளில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவ தூங்கணும். தூங்கட்டும்வே. அவ்வளவுதான் நான் கேக்கது."

தேவவரம் உள்ளே எட்டிக் கட்டிலைப் பார்த்தார். கல்கத்தாவுக்கு வந்து டைபாய்டில் விழுந்த வருஷம் அவர் கிடந்ததும் இதே கட்டிலில்தான். உள்ளே போய் எல்லோரையும் கையசைத்து எழுப்பினார். சத்தமில்லாமல் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஞானப்பூ பதறிப்போய், "என்ன, எல்லாரும் எந்திச்சிட்டிய, இருங்க, கோவமா?" என்றாள். மாசிலாமணி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

என்ன சொல்வது? அவளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். மூளைக்குள் தரிசனத்தின் பக்கங்களைப் புரட்டினார். ரத்தினம், வில், விளக்கு, கடல், எங்கேயும் ஒரு பாய் விரித்திருக்கக் காணோம். தள்ளிப் போனார். புஸ்தகச் சுருளின் முத்திரையெல்லாம் உடைபடுகிற இடம் வந்தது. கடைசி முத்திரை உடைந்ததும் பரலோகத்தில் சுமார் அரைமணி நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று என்று அந்த யோவானே எழுதியிருக்கிறான். அவர் அதற்கு வருஷக்கணக்காக ஒரே விளக்கம்தான் சொல்லிவந்தார். பெரிய வாதை வருமுன் வானம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, அது பயத்தின் அமைதி.

"ஞானப்பூ, தூங்கிட்டியா?"

"இல்ல."

"அங்க ஒரு அரைமணி நேரம் யாரும் பாடல. அந்த நாலு சீவனும் வாய மூடிக்கிட்டு. மூப்பரு எல்லாரும் பேசாம உக்காந்திருக்காவ. எழுதியிருக்கு."

"ஏனாம்?"

"இத்தன நாளும் நான் வேற அர்த்தம் சொன்னேன்." விசிறியை மறுபடி கையில் எடுத்தார். "யாரோ ஒருத்தி அசந்து வந்து படுத்திருப்பா. அவ தூங்கட்டும்னு இருக்கும்."

அவள் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நேற்றுவரை அவர் சொன்ன எந்த அடையாளத்தையும் அவள் இப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை. "நெசமா, இல்ல என் மனசுக்குச் சொல்லுதியளா?"

"தெரியல" என்றார். "எனக்குத் தெரியல, தாயி." கண்ணீர் கன்னத்தில் இறங்கி மீசைக்கு வந்துவிட்டது. துடைக்கவில்லை.

ஞானப்பூ யோசித்தாள். "அரைமணி நேரந்தானா?" என்றாள். பிறகு அவர் தலையில் கை வைத்து, "சரி. நீங்களும் கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள்.

இருந்தார். அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பி, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முந்தானை மூச்சுக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. வாய் திறந்து லேசாகக் குறட்டையும் வந்தது. அந்தக் குறட்டையைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

அவர் மெல்ல எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மாடியிலிருந்து தெருவாசல் வரைக்கும் படிக்கு இருவராக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இருட்டுகிற படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மணி நேரத்துக்கு வந்த குடும்பமும் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. சந்தின் கரியடுப்புப் புகை மேலே ஏறி எல்லார் கண்ணையும் கரித்தது. தேவவரம் பாட்டுப் புஸ்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தார். ஒரு கைக்குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. அதன் தாய் சத்தம் வருமுன் அதை மாரோடு சேர்த்து முந்தானையால் மூடினாள். வசுமதி காப்பித் தட்டோடு அவர்களுக்கு நடுவில் கால்வைக்க இடம் தேடித் தேடி ஏறிவந்துகொண்டிருந்தாள். ஆளுக்கொரு தம்ளர் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தம்ளரும் இன்னொன்றோடு இடிபடவில்லை.