நாலாவது சீட்

ஓடும் ஜீப்பிலிருந்து நான் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது முறை விழுந்தேன். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் கேமில்தான். நிஜத்தில் ராஜபாளையம் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நன்றாக நின்று, கண்டக்டர் எரிச்சல்பட்டு "இறங்குங்க மேடம்" என்று சொன்ன பிறகுதான் நான் படியில் காலை வைப்பேன்.

விழுந்ததற்குக் காரணம் என் விரல்கள். பதினாறு வருஷமாக நான் டைப்பிஸ்ட். கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் காசிராஜன் ஆபீசிலிருந்து போகிற மனு, நோட்டீஸ், பிரமாணப் பத்திரம் எல்லாம் என் கையால் போகிறவைதான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, இடது கை விரல் நாலையும் ஏ, எஸ், டி, எஃப் மேல் வை, செத்தாலும் எடுக்காதே என்பதுதான். நானும் எடுக்கவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கீபோர்டைக் கொடுத்தாலும் என் ஆள்காட்டி விரல் நேராக எஃப் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த கேமில் எஃப் என்றால் வண்டியை விட்டு இறங்கு என்று அர்த்தம்.

நடப்பதற்கு டபிள்யூ, ஏ, எஸ், டி. நடுவிரல் டபிள்யூவில் இருக்க வேண்டும், ஆள்காட்டி விரல் டியில். அதாவது கை முழுவதையும் ஒரே ஒரு எழுத்து இடப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் கொஞ்சம் பேச்சு சுவாரசியத்தில் கவனம் பிசகினால் போதும், கை தானாக வலப்பக்கம் நகர்ந்து தன் பழைய இடத்துக்குப் போய்விடும். விரல் எஃபை அழுத்தும். ஜீப் போய்க்கொண்டிருக்கும், நான் ரோட்டில் உருண்டுகொண்டிருப்பேன்.

"ஏய் இன்பம், உங்க அக்கா மறுபடி இறங்கிட்டாங்கடா" என்று சேதுபதி சிரிப்பான்.

இன்பம் என் தம்பி. டப்ளினில் வேலை பார்க்கிறான். சேதுபதியும் அனஸும் அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் பையன்கள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நாலு பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்து ஒரு தீவில் இறங்கி, ஜீப்பைப் பிடித்து, மற்ற கூட்டங்களைச் சுட்டுக் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்க வேண்டும். அதுதான் ஆட்டம். ஜீப்பில் நாலு சீட். நாலாவது சீட் எனக்கு.

அந்த சீட்டை நான் கேட்டு வாங்கினேன். யாரும் வாங்க உட்காருங்கள் என்று கூப்பிடவில்லை.

இன்பம் ஊரில் இருந்தவரை எங்களிடம் டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் ஒன்று இருந்தது. கன்ட்ரோலர் இரண்டு. கறுப்பு அவனுக்கு, சிவப்பு எனக்கு. சோபாவில் அவன் வலது ஓரம், நான் இடது ஓரம். ஊர்ப் பெண்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் நான் துப்பாக்கி எடுத்து ஆள்களைச் சுட்டுக்கொண்டிருந்தேன். "கல்யாண வயசு தாண்டியும் புத்தி வரல" என்று அம்மா புலம்புவாள், புலம்பிக்கொண்டே எங்களுக்கு டீ கொண்டுவந்து வைப்பாள். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார்.

ஆட்டம் எனக்கு ஒரு சாக்குதான், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இன்பம் முகம் பார்த்துப் பேச மாட்டான். எதிரே உட்கார்ந்து கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். ஆனால் இரண்டு பேர் கண்ணும் டிவியில் இருந்தால், கையில் கன்ட்ரோலர் இருந்தால், கொட்டுவான். பரீட்சையில் பெயில் ஆனதை அப்படித்தான் சொன்னான். கூடப் படித்த ஷீனாவைப் பிடிக்கும் என்றதும், அவள் வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டதும், அம்மாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது தனக்குப் பயமாக இருக்கிறது என்றதும் எல்லாம் அப்படித்தான். யாரையோ சுட்டுக்கொண்டே சொன்னான், நான் அவனைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டேன்.

டப்ளினுக்குப் பெட்டி கட்டும்போது கறுப்பு கன்ட்ரோலரை எடுத்துச் சட்டைகளுக்கு நடுவில் சொருகினான்.

"பிளேஸ்டேஷன் பெட்டி இங்க கிடக்கு. இத மட்டும் கொண்டு போயி என்னலே செய்யப்போற?" என்றேன்.

"சும்மா இருக்கட்டும்க்கா" என்றான்.

நான் அடுக்களைக்குள் போய் இல்லாத வேலையைச் செய்தேன்.

அதற்குப் பிறகு போன் மட்டும்தான். சாப்பிட்டேன், குளிருது, வேலை இருக்கு, வைக்கட்டா. இரண்டு நிமிஷம் தாண்டாது. வீட்டிலோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய்ப் பாட்டுப் பாடினால்தான் என் குரல் இன்னும் இருக்கிறது என்று எனக்கே தெரியும். சாயங்காலம் சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து தனியாக ஆடுவேன். திரையின் வலது பாதியில் 'இரண்டாவது ஆட்டக்காரர் சேரலாம்' என்ற எழுத்து மின்னிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதைப் பார்த்து, "வாயை மூடு" என்று கத்தியிருக்கிறேன்.

பிறகு ஒரு போனில், தானும் கூட்டாளிகளும் கம்ப்யூட்டரில் ஒரு கேம் ஆடுவதாக வாய் தவறிச் சொன்னான். நான் உடனே பிடித்துக்கொண்டேன்.

"நானும் வாரேன்லே."

"அது கம்ப்யூட்டர் கேமுக்கா. நம்ம பெட்டியில ஓடாது."

"கம்ப்யூட்டர் வாங்கிருதேன்."

"வாங்கினாலும் கீபோர்டு, மவுஸ் வச்சுதான் ஆடணும். கன்ட்ரோலர எடுக்காது. நாங்களே அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு. ஒனக்கு எதுக்குக்கா இம்புட்டு தலைவலி? போன்லதான் பேசுதோமே."

"கீபோர்டு எனக்கு என்னலே புதுசா? நான் அதுலதான் சோறு திங்கேன்" என்றேன். அவன் சிரித்தான். சிரித்ததை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன், அதற்கு முன் சொன்ன மற்றதை எல்லாம் விட்டுவிட்டேன்.

தென்காசி ரோட்டில் ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டரைப் பிடித்து, கேம் ஓடுவதற்கு வேண்டியதைப் போட்டுத் தரச் சொன்னேன். "தம்பிக்கா மேடம்?" என்று கேட்டான் கடைக்காரன். ஆமாம் என்றேன். ஒரு வகையில் பொய் இல்லை.

கீபோர்டு என்னை ஜீப்பிலிருந்து தள்ளியது என்றால், மவுஸ் என் மானத்தையே வாங்கியது. கன்ட்ரோலரில் நான் குறி தப்பாதவள் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு நினைப்பு. எதிரிக்குப் பக்கத்தில் கொண்டு போனால் போதும், துப்பாக்கி தானாக அவன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அது என் திறமை என்று இருந்தேன். இல்லையாம், கன்ட்ரோலர் பிடிக்கிறவர்களுக்காக கேமே இழுத்துக் கொடுக்கிற உதவியாம் அது. மவுஸில் அந்த உதவி கிடையாது. ஆள் எதிரே நிற்பான், நான் அவனுக்குப் பின்னால் இருக்கும் தென்னை மரத்தைச் சுடுவேன். முப்பத்தாறு வயசில், இத்தனை வருஷமும் என் கையை யாரோ பிடித்துத்தான் எழுதவைத்தார்கள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. இந்த உதவி இல்லாமலே இன்பம் அவ்வளவு அழகாகச் சுடுகிறானே என்று பெருமையாகவும் இருந்தது.

விடவில்லை நான். தினமும் ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, ஒரு மணி நேரம் பயிற்சி மைதானத்தில் பொம்மைகளைச் சுட்டேன். எஃப் மேல் தொட்டால் குத்துகிற மாதிரி ஒரு துண்டு உப்புத்தாள் ஒட்டிவைத்தேன். பஸ்ஸில் மடியில் கைப்பையை வைத்து, அதன் மேல் விரல்களை இடப்பக்கம் தள்ளித் தள்ளிப் பழகினேன். பக்கத்து சீட்டு அம்மாள் எனக்கு நரம்புத் தளர்ச்சி என்று முடிவு கட்டி, பிளவக்கல் பக்கம் ஒரு வைத்தியரின் பெயரைச் சொன்னாள்.

ஆறாவது வாரம் காசிராஜன் சார் ஒரு மனுவைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். "என்னம்மா வின்சி இது? கனம் நீதிமன்றம்ங்கிறத னளம் நீதிமன்றம்னு அடிச்சிருக்க. மொதல் வார்த்தையே இப்படின்னா படிக்கிறவிய என்ன நெனைப்பாவ?"

தமிழ் டைப்பில் எஃப் இருக்கும் இடத்தில் க, அதற்கு இடப்பக்கம் ன, அதற்கும் இடப்பக்கம் ள. அந்த ஒரு வார்த்தையில் இடது கை மொத்தமாக ஒரு எழுத்து இடப்பக்கம் தள்ளிப் போயிருந்தது. பதினாறு வருஷத்தில் இது முதல் முறை. "தூக்கம் பத்தல சார்" என்றேன். வெட்கப்பட வேண்டியவள், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கை மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தேன்.

ஞாயிறு ஐந்து மணிதான் எங்கள் நேரம், அவர்களுக்கு மதியம். நான் உள்ளே நுழையும்போது மூவரும் ஏதோ பேசிக் கத்திக்கொண்டிருப்பார்கள். "அக்கா வந்தாச்சு" என்பான் இன்பம். வகுப்பில் டீச்சர் நுழைந்தமாதிரி சத்தம் அடங்கும். பெரியவள் என்று மரியாதை கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நான் கேட்பேன், சாப்பிட்டியா, இருமல் விட்டுதா, கோயிலுக்குப் போனியா என்று. ம், ம் என்பான். சோபாவில் பேசியமாதிரி அவன் பேசவே இல்லை. நான் விழுந்து விழுந்து எழுவதால்தான் அவனுக்குப் பேச நேரமில்லை, கை சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

பத்தாவது ஞாயிறு கை சரியாகிவிட்டது. ஒரு தடவைகூட விழவில்லை. கிணற்றடியில் ஒளிந்திருந்த மூன்று பேரையும் தனியாளாகச் சுட்டேன். அனஸ் விசிலடித்தான். "அக்கா, கலக்கிட்டீங்க!"

அந்த வாரம் கேமில் ஏதோ புதிதாக மாற்றியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் நாலு பேர் பெயரும் வரிசையாக வரும் இடத்தில், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டிப் படம். வின்சி, மவுஸ். அனஸ், மவுஸ். சேதுபதி, மவுஸ். இன்பம் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர்.

கேமில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். "இது ஏன் இன்பத்துக்கு மட்டும் கன்ட்ரோலர் படம் காட்டுது?" என்று கேட்டும்விட்டேன்.

"அவன் எப்பவும் கன்ட்ரோலர்தானேக்கா" என்றான் அனஸ், கள்ளமில்லாமல். "ஊர்ல இருந்து ஒரு கறுப்பு கன்ட்ரோலர் கொண்டாந்தான்ல, அதான். அவனுக்குக் கீபோர்டுல ஆடவே வராது."

உப்புத்தாள் ஒட்டிய கீபோர்டைப் பார்த்தேன். அதைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

"இன்பம்" என்றேன். "கன்ட்ரோலர எடுக்காதுன்னு சொன்னியேலே."

"நீ ரெண்டு நாள்ல விட்டுருவன்னு நெனச்சேன்க்கா" என்றான். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "வேண்டாம்னு எப்படிச் சொல்லன்னு தெரியல."

அதற்குள் அடுத்த ஆட்டம் தானாகத் தொடங்கிவிட்டது. தீவில் இறங்கினோம். சேதுபதி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏறுங்கக்கா" என்றான், என்றைக்கும் இல்லாத பணிவோடு. பழக்கதோஷத்தில் ஏறி நாலாவது சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இன்பத்தின் முதுகு. பேச்சே இல்லாமல் வண்டி போனது. ஒரு வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சத்தமாகக் கெட்ட வார்த்தை பேசி, பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசி, ஊரைப் பற்றிப் புலம்பிச் சிரிப்பதற்கு அவர்களுக்கு இருந்தது இந்த ஒரு மணி நேரம். அதற்குள் பத்து வாரமாக நான் உட்கார்ந்து, சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் இப்போதும் பேசுகிறான். கையில் அதே கறுப்பு கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, மனசில் இருப்பதை எல்லாம் கொட்டுகிறான். நான் இல்லாதபோது.

ஆள்காட்டி விரலை டியிலிருந்து தூக்கினேன். உப்புத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். எஃப் மேல் விரலை வைத்து அழுத்தினேன்.

ரோட்டில் உருண்டு எழுந்து நின்றேன்.

"அக்கா மறுபடி இறங்கி..." என்று தொடங்கிய சேதுபதி நிறுத்திக்கொண்டான்.

"கை தவறல தம்பி. நானாத்தான் இறங்கினேன்" என்றேன். "நீங்க போங்க. பேசிக்கிட்டே போங்க."

"அக்கா..." என்றான் இன்பம்.

"சாப்பிட்டியான்னு இனிமே கேக்கல, போலே" என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டேன். குரல் உடைந்தது அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

திரையின் மூலையில் வரைபடம் இருக்கும். கூட்டாளிகள் பச்சைப் புள்ளியாகத் தெரிவார்கள். மூன்று புள்ளிகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தன. பாலத்துக்கு முன்னால் போய் நின்றன. திரும்பி வந்தால் ஏறிக்கொள்வேன் என்று நினைத்தேன். இவ்வளவு நடந்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன், எனக்கு வெட்கமே இல்லை. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவை பாலத்தைத் தாண்டிப் போய்விட்டன.

நடுவிரலை டபிள்யூவில் வைத்து நடக்க ஆரம்பித்தேன். ரொம்ப தூரம் நடந்தேன். கை ஒருமுறைகூடத் தவறவில்லை.