பசுவின் பின்னங்கால்கள்

ஹெட்டி கொட்டகைக்குள் வந்தபோது அவள் தோளில் ஒரு பசுமாட்டின் பின்பாதி தொங்கிக்கொண்டிருந்தது. பழுப்புக் கம்பளித் துணி, இரண்டு கால்கள், இழுத்தால் ஆடுகிற வால். கிளைவ் டிரான்டர் டிராக்டருக்கு அடியில் படுத்தபடியே மகளைப் பார்த்தார்.

“அப்பா, ஆர்தர் பனியில வழுக்கி கணுக்கால ஒடச்சிக்கிட்டாரு. மத்தியானம் நாடகம். உங்க பசுவுக்குப் பின்னங்காலா நிக்க ஆள் இல்ல.”

“யாரையாவது புடிச்சுப் போடு. அதுக்கு என்ன பெரிய நடிப்பு?”

“புடிச்சுட்டேன். மால்கம்.”

ஸ்பேனர் தரையில் விழுந்தது.

மால்கம் பெக் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஹெட்டி சின்னவளாக இருந்தபோதே அவள் அம்மா லினெட், கிளைவை விட்டுவிட்டு மால்கமின் வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய ஊராக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்ந்துவிடலாம். எங்கள் ஸ்டோக் வெதர்பியில் இருப்பது ஒரே தெரு, ஒரே கடை, ஒரே சர்ச். அதனால் ஊரே வாய்விட்டுச் சொல்லாமல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. கிளைவ் காலையில் ரொட்டி வாங்குவார், மால்கம் சாயங்காலம். மதுக்கடையில் கிளைவின் தொப்பி ஆணியில் தொங்கினால் மால்கம் வாசலோடு திரும்பிவிடுவார். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வசந்தத்தில் ஹெட்டிக்குக் கல்யாணம். முன்வரிசையில் மால்கம் உட்கார்ந்தால் தான் சர்ச் வாசலை மிதிக்கப்போவதில்லை என்று கிளைவ் சொல்லியிருந்தார்.

“என் கல்யாணத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்கார மாட்டீங்க,” என்றாள் ஹெட்டி. “சரி. ஒரே மாட்டுக்குள்ளயாவது நில்லுங்கப்பா.”

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. களைப்புதான் இருந்தது. கிளைவ் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள், ராணுவம் கழித்துப்போட்ட மரக் கொட்டகை ஒன்றைப் பிரித்துக் குதிரை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்து எழுப்பியதுதான் எங்கள் ஊர் மன்றம். திரும்பி வராதவர்களின் பெயர்கள் சர்ச் வாசல் கல்லில் இருக்கின்றன. வந்தவர்களுக்கு அழுது முடித்தபின் சிரிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஜனவரிதோறும் அங்கே நாடகம். இந்த வருஷம் ஏழைப் பையன் ஒருவன் வீட்டுப் பசுவைச் சந்தைக்கு ஓட்டிப்போகும் கதை. பையன் வேஷம் வழக்கம்போல ஒரு பெண்ணுக்குத்தான், ஹெட்டி. தலையும் முன்னங்கால்களும் கிளைவ்.

மேடைக்குப் பின்னால் நாடகத்தை நடத்தும் வின்னி ஹாப்ஸ் இருவரையும் துணிக்குள் திணித்து முதுகுப் பக்கம் ஜிப்பை இழுத்தாள். உள்ளே நாப்தலின் உருண்டை வாசனை. மால்கம் குனிந்து நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“இடுப்பப் புடிய்யா,” என்றார் கிளைவ். அதுதான் முதல் வார்த்தை.

மால்கம் அவருடைய பெல்ட்டை இரண்டு விரலால் தொட்டார்.

“பூனக்குட்டியையா தூக்கற? நல்லாப் புடி. மொதல்ல இடது காலு.”

“எந்த இடது?”

“உனக்கு எத்தன இடது இருக்கு?”

மேடைக்கு வந்ததும் பசு நாலு திசையிலும் நடந்தது. மன்றமே சிரித்தது. உள்ளே இருப்பவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். அதனால் கொஞ்சம் பயந்தும் சிரித்தது. மால்கமின் தலை கிளைவின் முதுகில் இடித்தது. “மன்னிச்சுக்க,” என்றார். இடிக்கும்போதெல்லாம் சொன்னார். நாலாவது முறை கிளைவ், “எல்லாத்துக்கும் சேத்து ஒரு தடவ சொல்லிட்டு வாய மூடுய்யா,” என்றார். சொன்னபிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

“சரி,” என்றார் மால்கம். “எல்லாத்துக்கும்.”

அடுத்து விடைபெறும் காட்சி. பையன் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு வரி சொல்ல வேண்டும். ஹெட்டி கட்டிக்கொண்டாள், சொல்லவில்லை. துணி வழியாக அவள் தோள் குலுங்குவதைக் கிளைவ் உணர்ந்தார். வின்னி ஓரத்திலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுத்தாள். பயனில்லை. நாற்காலிகள் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

“என்ன ஆச்சு?” என்று மால்கம் கிசுகிசுத்தார்.

“அழறா.”

“நடிப்பா?”

“நெசமாத்தான். ஏதாவது பண்ணுய்யா!”

மால்கம் வால் கயிற்றை இழுத்தார். வால் மெதுவாக எழுந்து, ஹெட்டியைத் தட்டிக்கொடுப்பதுபோல ஆடி இறங்கியது. யாரோ ஒரு குழந்தை வீரிட்டுச் சிரித்தது. பிறகு மன்றம் முழுக்க. ஹெட்டியும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். வசனம் வந்தது.

“இன்னொரு தடவ ஆட்டு,” என்றார் கிளைவ்.

இடைவேளையில் ஜிப் சிக்கிக்கொண்டது. வின்னி இடுக்கி தேடி ஓட, உள்ளே வெந்துபோன இருவரும் பின்வாசல் வழியாக முற்றத்துக்கு வந்து நின்றார்கள். பனி தூறிக்கொண்டிருந்தது. லினெட் ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து பசுவின் வாய்க்குள் நீட்டிவிட்டு உள்ளே போனாள்.

கிளைவ் ஒரு வாய் குடித்தார். “கல்யாணத்துக்கு என்ன கோட்டுப் போடற?”

“சாம்பல் கலர். இருக்கறதே ஒண்ணுதான்.” பிறகு மால்கமே கேட்டார், “நீ வர்றியா?”

பசுவின் முதுகில் பனி வெள்ளையாகப் படியத் தொடங்கியிருந்தது. கிளைவ் கோப்பையைத் துணிக்குள் இருட்டில் பின்பக்கமாக நீட்டினார். தடவித் தடவி ஒரு கை வந்து, சிந்தாமல் அதை வாங்கிக்கொண்டது.